31 தாவல்கள், 8 லேபிள்கள்: பழைய புரொசீஜர் ஒன்றைப் பிரித்துக் கட்டிய அனுபவம்

நேற்றோடு அந்த இரவு வேலை 40 முறை சிக்கலில்லாமல் ஓடி முடிந்திருக்கிறது. இனி எழுதலாம் என்று தோன்றியது.

எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் ஓடும் ஒரு ஸ்டோர்டு புரொசீஜர் அது, அதாவது தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்த நிரல். பகலில் வந்த ரசீதுகளை இரவில் ஒவ்வொன்றாக எடுக்கும், எந்தத் தொகை எந்த இன்வாய்ஸுக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும், லெட்ஜரில் பதியும். மொத்தம் 1,140 வரிகள். பல வருடங்களில் பல பேர் கைவைத்தது. என்னிடம் வந்தபோது இருந்த புகார் ஒன்றுதான்: சில நாள் காலையில் ஒன்றிரண்டு ரசீதுகள் ‘பதிந்தாயிற்று’ என்று காட்டும், ஆனால் லெட்ஜரில் அதற்கான வரி இருக்காது. இரவு வேலையின் குறிப்பிலோ எல்லாம் வெற்றி என்றே இருக்கும்.

திறந்து பார்த்தால் எங்கே பார்த்தாலும் கோடூ, அதாவது லேபிள் என்று பெயரிட்ட வேறொரு இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை. மேலே போ, கீழே போ, நடுவில் நுழை என்று தாவல்கள். இவற்றையெல்லாம் தூக்கிவிட்டால் பிழையும் போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு சனிக்கிழமை முழுவதையும் செலவழித்து, எதுவும் ஓடாத ஒரு பிரதியை உருவாக்கினேன். அதை அப்படியே ஒதுக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

காகிதமும் பென்சிலும்

இரண்டாவது முறை கணினியைத் தொடவில்லை. முழுவதையும் அச்சடித்தேன், 26 பக்கம் வந்தது. பக்கங்களை நீளவாக்கில் ஒட்டித் தரையில் விரித்து, மூன்று நிறப் பென்சிலால் ஒவ்வொரு கோடூவிலிருந்தும் அதன் லேபிளுக்கு அம்பு போட்டேன். கீழ்நோக்கிப் போவது பச்சை, மேல்நோக்கித் திரும்புவது நீலம், பிழைக்கு ஓடுவது சிவப்பு.

எஸ்க்யூஎல் சர்வரின் மொழியான டி-எஸ்க்யூஎல்லில் லேபிள் என்பது ஒரு பெயர், அதன் பின்னே ஒரு முக்காற்புள்ளி, அவ்வளவுதான். அது தானாக எதையும் செய்யாது. ஓட்டம் மேலிருந்து இயல்பாக வந்தால் லேபிளைக் கண்டு நிற்காது, அதைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். ஒரே புரொசீஜருக்குள் ஒரே பெயரை இரண்டு முறை வைத்தால் 132 என்ற பிழை வரும். இல்லாத லேபிளுக்குத் தாவச் சொன்னால் 133. வேறொரு புரொசீஜரிலுள்ள லேபிளுக்குத் தாவ வழியில்லை. இவை தவிர அங்கே பெரிதாகக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு இஃப் (நிபந்தனை) பகுதிக்குள் வெளியிலிருந்து குதிக்கக்கூட விட்டுவிடும்.

எண்ணிப் பார்த்தபோது 31 கோடூ, 8 லேபிள். அதில் 2 லேபிள்களுக்கு ஒரு தாவலும் வரவில்லை. அவை வெறும் தலைப்புகள். ‘இங்கிருந்து தொகை பிரிக்கும் பகுதி’ என்று சொல்வதற்காக யாரோ வைத்தவை. கோடூவே இல்லாமல் லேபிளைக் குறிப்புரைபோல வைத்துக்கொள்ள மொழி அனுமதிக்கிறது. மற்ற 6 லேபிள்களின் உண்மையான பெயர்களை விட்டுவிட்டு, அவற்றின் வேலையை வைத்துத் தமிழில் சொல்கிறேன். ‘பிழை’க்கு 17 தாவல்கள், ‘அடுத்த ரசீது’க்கு 7, ‘பிரித்தாயிற்று’க்கு 3, ‘முடிவு’க்கு 2, ‘மறுமுயற்சி’க்கு 1, ‘அட்வான்ஸ்’ என்பதற்கு 1.

இந்தக் கணக்கு எடுத்ததும்தான் சனிக்கிழமை செய்த தவறு புரிந்தது. 31-உம் கோடூதான், ஆனால் ஆறும் ஆறு வேலை. ஒன்று குப்பையைக் கூட்டிவிட்டு வெளியேறும் ஒற்றை வாசல். ஒன்று இந்த ரசீதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது. ஒன்று இரண்டு அடுக்குச் சுழற்சியிலிருந்து ஒரே தாவலில் வெளியே வருவது. ஒன்று திரும்பிப் போய் மறுபடி முயல்வது. எல்லாவற்றையும் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்த்திருக்கிறேன்.

உண்மையான பிழை இருந்த இடம்

சிவப்பு அம்புகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு வந்தேன். பழைய முறை இதுதான்: ஒரு இன்ஸர்ட் (புது வரி சேர்ப்பது) அல்லது அப்டேட் (இருப்பதை மாற்றுவது), அதை அடுத்து ‘@@எரர் பூஜ்யம் இல்லையென்றால் பிழைக்குத் தாவு’ என்ற ஒரு வரி. @@எரர் என்பது கடைசியாக ஓடிய வாக்கியத்தின் பிழை எண்; பூஜ்யம் என்றால் பிழை இல்லை. எஸ்க்யூஎல் சர்வர் 2005-இல் டிரை-கேட்ச் (டிரை பகுதியில் பிழை வந்தால் ஓட்டத்தைத் தானாகக் கேட்ச் பகுதிக்கு அனுப்பும் அமைப்பு) வருவதற்கு முன் எழுதப்பட்ட எல்லாக் குறிப்பிலும் இந்த உருவம் இருக்கும். அந்தக் காலத்தில் லேபிளுக்கான முதல் காரணமே இதுதான் என்பேன்.

இதில் உள்ள சிக்கல், @@எரர் ஒரு வாக்கியத்துக்கு மட்டுமே உயிரோடு இருக்கும். அடுத்த வாக்கியம் ஓடியதும் அதன் முடிவைக் காட்டத் தொடங்கிவிடும். 17 சோதனைகளில் 4-இல் நடுவே வேறொரு வரி நுழைந்திருந்தது. லெட்ஜரில் பதியும் இன்ஸர்ட்டுக்குப் பின்னால் யாரோ, என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக, ரசீது எண்ணைக் காட்டும் ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்திருந்தார்கள். இன்ஸர்ட் தோற்றாலும் பிரிண்ட் வெற்றி. @@எரர் பூஜ்யம். தாவல் நடக்காது. ஓட்டம் நேராகக் கமிட்டுக்கு, அதாவது டிரான்ஸாக்‌ஷன் என்ற ஒரே தொகுப்பாகச் செய்த மாற்றங்களை உறுதியாக்கும் வரிக்குப் போய்விடும்.

சோதனைப் பிரதியில் உறுதி செய்தேன். ஒரு கணக்கு எண்ணை அதன் மூலப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அந்த எண்ணோடு ஒரு ரசீது போட்டேன். லெட்ஜர் இன்ஸர்ட் ஃபாரின் கீ (மூலப் பட்டியலில் இல்லாத எண்ணை ஏற்காத விதி) பிழையில், அதாவது 547-இல் தோற்றது. 547 அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நிறுத்தும். புரொசீஜர் தொடர்ந்து ஓடும். ரசீது ‘பதிந்தாயிற்று’ ஆனது, லெட்ஜரில் வரி இல்லை. புகார் அப்படியே கண்ணெதிரே.

அன்றைக்கான திருத்தம் சின்னது. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒட்டியே, ஒரே செலக்ட்டில் @@எரர், @@ரோகவுன்ட் (எத்தனை வரிசைகளைத் தொட்டது என்ற எண்ணிக்கை) இரண்டையும் உள்ளூர் மாறிகளில் எடுத்து வைத்தேன். ஒரே செலக்ட் என்பது முக்கியம். இரண்டாகப் பிரித்தால் முதலாவது இரண்டாவதை அழித்துவிடும். பிறகு அந்த மாறியைச் சோதித்துத் தாவல். ஒன்றே கால் மணி நேரத்தில் சோதனைப் பிரதியில் புகார் தீர்ந்தது.

கூடவே ஒரு தவறும் செய்தேன். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று ‘முடிவு’ லேபிளைப் ‘பிழை’க்கு மேலே நகர்த்தினேன். நகர்த்தும்போது நடுவே இருந்த ரிட்டர்ன் வரி எங்கோ விடுபட்டுப் போனது. எல்லாம் நன்றாக முடிந்து கமிட் ஆன பிறகும் ஓட்டம் ‘பிழை’க்குள் வழிந்து, அங்கிருந்த ரோல்பேக் (செய்த மாற்றங்களைத் திருப்பிவிடும் கட்டளை), திறந்த டிரான்ஸாக்‌ஷன் எதுவும் இல்லை என்று 3903 பிழையைக் கொடுத்தது. பிழைக்கான லேபிளுக்கு மேலே ஒரு ரிட்டர்ன் இருக்கிறதா என்பதை இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தரையில் விரித்த காகிதத்தில் ஒரு நீல அம்பும், நடுவில் போய்க் குத்தும் ஒரு பச்சை அம்பும் என்னை விடவில்லை.

ஒரு நாளும் ஓடாத லேபிள்

நீல அம்பு ‘மறுமுயற்சி’. டெட்லாக் என்பது இரண்டு வேலைகள் ஒன்றன் பூட்டுக்காக மற்றொன்று காத்து நிற்பது; சர்வர் ஒன்றைப் பலியிட்டு நிறுத்தும். அப்படிப் பலியானால் வரும் பிழை எண் 1205. @@எரர் 1205 என்றால் டிரான்ஸாக்‌ஷன் தொடங்கும் இடத்துக்குத் திரும்பிப் போ என்று எழுதியிருந்தது. அழகான யோசனை. இதை எப்படியும் காப்பாற்ற வேண்டும் என்று காகிதத்தில் நட்சத்திரம் போட்டு வைத்தேன்.

சரி, உண்மையில் எத்தனை முறை ஓடுகிறது என்று பார்க்கலாம் என்று ஒவ்வொரு லேபிளுக்கும் கீழே ஒரு தடய வரி சேர்த்தேன். பிரிண்ட்டை விட, தீவிர அளவு 0 கொடுத்து, நோவெயிட் சேர்த்த ரெய்ஸ்எரர் என்ற செய்தி அனுப்பும் கட்டளை இதற்கு நல்லது. பிரிண்ட் செய்திகள் தேங்கி நின்று மொத்தமாக வரும்; இது உடனே திரைக்கு வந்துவிடும். ஆனால் இதுவும் @@எரரைப் பூஜ்யமாக்கும். அதனால் லேபிளுக்கு நேர் கீழே மட்டும் வைத்தேன், வாக்கியத்துக்கும் சோதனைக்கும் நடுவில் வைக்கவில்லை.

பிறகு இரண்டு ஜன்னல்களைத் திறந்தேன். ஒன்றில் புரொசீஜர், அதற்கு டெட்லாக் முன்னுரிமையைக் குறைவாக வைத்தேன், பலியாவது அதுவாக இருக்கட்டும் என்று. இன்னொன்றில் அதே இரண்டு அட்டவணைகளை எதிர் வரிசையில் தொடும் அப்டேட்டுகள். டெட்லாக்கைத் தேடும் கண்காணிப்பு இயல்பாக 5 நொடிக்கு ஒரு முறை ஓடும். அதற்குள் 1205 வந்து விழுந்தது. தடயத்தில் ‘மறுமுயற்சி’ வரவில்லை. ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் இல்லை.

காரணம், டிரை-கேட்ச் இல்லாத இடத்தில் 1205 அந்த வாக்கியத்தோடு நிற்பதில்லை. முழு பேட்சையும், அதாவது ஒன்றாக அனுப்பிய கட்டளைகள் எல்லாவற்றையும் முறித்து, டிரான்ஸாக்‌ஷனையும் திருப்பிவிட்டுப் போய்விடும். அடுத்த வரியில் காத்திருக்கும் ‘1205 என்றால் தாவு’ என்ற வரிக்கு ஓட்டம் வருவதே இல்லை. எழுதிய நாள் முதல் அந்த லேபிள் ஒரு முறைகூட வேலை செய்திருக்க முடியாது. டெட்லாக் வந்த இரவுகளில் வேலை பாதியில் நின்றது. காலையில் யாராவது கையால் மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். இந்த வேலையில் நான் கற்ற மிகப் பெரிய விஷயம் இதுதான். லேபிளைப் பார்த்து ‘இங்கே பாதுகாப்பு இருக்கிறது’ என்று எல்லோரும் நம்பியிருக்கிறோம், நானும் சேர்த்து. தாவும் வரிக்கு ஓட்டம் வந்தால்தானே தாவல்.

நடுவில் போய்க் குதித்த அம்பு

அடுத்தது ‘அட்வான்ஸ்’. கிரெடிட் நோட்டைக் கையாளும் பகுதியிலிருந்து, அட்வான்ஸ் தொகைக்கான இஃப் பகுதியின் நடு வயிற்றுக்குள் ஒரு தாவல். எழுதியவரின் காரணம் எனக்குப் புரிகிறது: அங்கே உள்ள 30 வரியும் இங்கேயும் தேவை, இரண்டு இடத்தில் எழுத வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அந்த இஃப் பகுதியின் முதல் வரி வரித்தொகை மாறியைப் பூஜ்யமாக்குவது. தாவல் அதைத் தாண்டிக் குதிப்பதால், முந்தைய ரசீதின் வரித்தொகை அப்படியே அந்த மாறியில் உட்கார்ந்திருக்கும். டி-எஸ்க்யூஎல்லில் சுழற்சிக்குள் ஒரு மாறியை டிக்ளேர் செய்தாலும், தொடக்க மதிப்பு கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அது புதிதாகாது. அதனால் அங்கேயும் காப்பு இல்லை.

ஆரக்கிள் தரவுத்தளத்தின் மொழியான பிஎல்/எஸ்க்யூஎல்லில் இதே தாவலை எழுதியிருந்தால் கம்பைலே ஆகியிருக்காது. இஃப், கேஸ், லூப், உள்பிளாக் எதற்குள்ளும் வெளியிலிருந்து கோடூ போக முடியாது; பிஎல்எஸ்-00375 என்று நிறுத்திவிடும். இந்த ஒரு விஷயத்தில் ஆரக்கிளின் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த 30 வரிகளைத் தனிப் புரொசீஜராக எடுத்து, வரித்தொகையை அளவுருவாகக் கொடுத்து, இரண்டு இடத்திலிருந்தும் அழைத்தேன். இதுதான் எல்லாவற்றிலும் எளிய மாற்றம். முக்கால் மணி நேரம்.

‘அடுத்த ரசீது’ இரண்டு முறை கையைச் சுட்டது

ரசீதுகள் ஒரு கர்சரில், அதாவது வரிசைகளை ஒவ்வொன்றாகத் தரும் பட்டியலில் வரும். வைல் சுழற்சியின் கடைசியில் அடுத்த வரிசையை எடுக்கும் ஃபெட்ச் இருக்கும். ஏதாவது ஒரு ரசீது தேவையில்லை என்றால் 7 இடங்களிலிருந்து ‘அடுத்த ரசீது’க்குத் தாவல், லேபிள் ஃபெட்ச்சுக்குச் சற்று மேலே. அடுத்த சுற்றுக்குப் போகச் சொல்லும் கண்டின்யூ என்று ஒரு சொல் மொழியிலேயே இருக்கும்போது இது எதற்கு என்று ஏழையும் கண்டின்யூவாக மாற்றினேன்.

ஓட்டினேன். முடியவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நிறுத்திவிட்டுத் தடயத்தைப் பார்த்தால் ஒரே ரசீது எண் ஆயிரக்கணக்கான முறை. கண்டின்யூ சுழற்சியின் தலைக்குப் போகும். கடைசியிலுள்ள ஃபெட்ச்சைத் தொடாது. அடுத்த வரிசையை யாரும் எடுக்காததால் அதே ரசீது திரும்பத் திரும்ப. லேபிள் அந்த இடத்தில் இருந்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது.

ஃபெட்ச்சைச் சுழற்சியின் முதல் வரியாக மாற்றி, அதற்கு அடுத்ததாக ‘ஃபெட்ச் நிலை பூஜ்யம் இல்லையென்றால் பிரேக்’, அதாவது சுழற்சியை விட்டு வெளியேறு என்று வைத்ததும் கண்டின்யூ சரியாக வேலை செய்தது. கர்சரை லோக்கல் ஸ்டாட்டிக் என்று அறிவித்தேன். ஸ்டாட்டிக் என்றால் தொடங்கும்போதே நகல் எடுத்துக்கொள்ளும். நடுவில் யாராவது ஒரு வரிசையை நீக்கினாலும் -2 என்ற நிலை வந்து குழப்பாது, ரோல்பேக் ஆனாலும் கர்சர் மூடிக்கொள்ளாது.

அப்புறம் இன்னும் ஒரு படி போனேன். ஒரு ரசீதுக்கான வேலை முழுவதையும் உள் புரொசீஜராகப் பிரித்தேன்; வெளியே கர்சர் சுழற்சி மட்டும். இப்போது ‘இந்த ரசீது வேண்டாம்’ என்பதற்குக் கண்டின்யூகூட வேண்டாம், ரிட்டர்ன் போதும். ஏழையும் ரிட்டர்ன் ஆக்கினேன். உடனே 266 என்ற பிழை: அழைப்புக்கு முன்னும் பின்னும் டிரான்ஸாக்‌ஷன் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று. பழைய காகிதத்தை மறுபடி பார்த்தேன். ‘அடுத்த ரசீது’ லேபிளுக்குக் கீழே ஃபெட்ச்சுக்கு முன்னால் இன்னொரு வரி இருந்தது: டிரான்ஸாக்‌ஷன் திறந்திருந்தால் ரோல்பேக். 7 தாவல்களில் 2 டிரான்ஸாக்‌ஷன் தொடங்கிய பிறகு நடப்பவை. அந்த ஒரு வரியை நான் தூக்கி எறிந்திருக்கிறேன். அந்த இரண்டு சோதனைகளையும் டிரான்ஸாக்‌ஷன் தொடங்குவதற்கு முன்னால் நகர்த்தினேன். நகர்த்த முடியாத காரணம் எதுவும் இல்லை.

லேபிளின் பெயரைப் படித்துவிட்டு அதன் வேலை தெரிந்துவிட்டது என்று நினைத்ததால் வந்த வினை இரண்டும். பெயருக்குக் கீழே இருக்கும் இரண்டு மூன்று வரிகளில்தான் வேலையே இருக்கிறது. இப்போது ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு சின்ன அட்டையில் அதன் கீழ் வரிகளை எழுதி வைத்துக்கொண்டுதான் கைவைக்கிறேன்.

டிரை-கேட்ச்சுக்கு மாற்றியது

‘பிழை’க்குப் போகும் 17 தாவல்களையும் ஒரே டிரை-கேட்ச் எடுத்துக்கொண்டது. 17 சோதனை வரிகள், 17 மாறி எடுப்புகள் எல்லாம் போனதில் புரொசீஜர் கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்தது.

மறுமுயற்சியை முதலில் கோடூவாகவே வைத்துப் பார்த்தேன். லேபிளை டிரை பகுதியின் முதல் வரியாக வைத்து, கேட்ச்சிலிருந்து அங்கே தாவச் சொன்னால் 1026 பிழை: டிரை, கேட்ச் எதற்குள்ளும் வெளியிலிருந்து தாவ முடியாது. வெளியே வரலாம், உள்ளே போக முடியாது. லேபிளை டிரைக்கு மேலே ஒரு வரி ஏற்றியதும் ஓடியது. இந்த முறை டெட்லாக் சோதனையில் தடயம் வந்தது. ஆனால் அந்தத் தாவலுக்கு எல்லை இல்லை. டெட்லாக் தீராவிட்டால் விடியும்வரை சுற்றும். அதனால் வெளிப் புரொசீஜரில் மூன்று முயற்சி என்று எண்ணும் ஒரு வைல் சுழற்சியாக மாற்றினேன். 1205 என்றால் 2 நொடி காத்திருந்து மறுபடி. மூன்றும் தோற்றால், அல்லது வேறு பிழை என்றால், பிழைப் பட்டியலில் எழுதிவிட்டு அடுத்த ரசீது.

உள்ளே கேட்ச்சில் ரோல்பேக், பிறகு பிழையை வெளிப் புரொசீஜருக்கு அனுப்பும் த்ரோ. த்ரோ 2012 பதிப்பில் வந்தது. அதற்கு முன்னால் இருக்கும் வாக்கியம் அரைப்புள்ளியோடு முடிய வேண்டும் என்பது விதி. நான் அரைப்புள்ளி வைக்கவில்லை. ‘ரோல்பேக் டிரான்ஸாக்‌ஷன்’ ஒரு வரி, ‘த்ரோ’ அடுத்த வரி. சர்வர் இரண்டையும் சேர்த்து, த்ரோ என்ற பெயருள்ள சேவ்பாயிண்ட்டுக்கு (நடுவில் குறித்து வைத்த இடத்துக்கு) திரும்பு என்று படித்துவிட்டது. அப்படி ஒரு பெயர் இல்லை என்று புகார் சொன்னது. செய்தியைப் படித்தும் எனக்கு உடனே உறைக்கவில்லை. 40 நிமிடம் போனது. இதைவிட மோசம் என்னவென்றால், அந்த ரோல்பேக்குக்கு முன்னால் ‘டிரான்ஸாக்‌ஷன் திறந்திருந்தால்’ என்ற நிபந்தனை இருக்கும். திறந்த டிரான்ஸாக்‌ஷன் இல்லாத நேரத்தில் த்ரோவும் சேர்ந்து தவிர்க்கப்படும், பிழை சத்தமில்லாமல் மறைந்துவிடும். இப்போது எல்லா வாக்கியங்களுக்கும் அரைப்புள்ளி வைக்கிறேன், தேவையோ இல்லையோ.

விட்டுவைத்த மூன்று

‘பிரித்தாயிற்று’க்கு வரும் 3 தாவல்களை நீக்கவில்லை. ரசீதுத் தொகையை இன்வாய்ஸ்களுக்குப் பிரிக்க வெளிச் சுழற்சி. ஒவ்வொரு இன்வாய்ஸின் வரிகளுக்கும் பிரிக்க உள்சுழற்சி. தொகை தீர்ந்ததும் இரண்டிலிருந்தும் வெளியே வந்து, தலைப்பு வரியைப் புதுப்பிக்க வேண்டும். டி-எஸ்க்யூஎல்லில் பிரேக் உள்சுழற்சியை மட்டும்தான் விடும். வெளியே வந்த பிறகு மறுபடி ஒரு கொடி மாறியைச் சோதித்து இன்னொரு பிரேக் போட வேண்டும். எழுதிப் பார்த்தேன், ஒரு மாறி, மூன்று செட், இரண்டு சோதனை கூடியது, படிப்பவருக்கு எந்த லாபமும் இல்லை. கீழ்நோக்கி, அதே திரையில் தெரியும் தூரத்துக்குப் போகும் தாவல் இது. அதற்கு மேலே இரண்டு வரிக் குறிப்பு எழுதிவிட்டு அப்படியே விட்டேன்.

மற்ற தரவுத்தளங்களில் இந்த இடத்துக்குக் கோடூவே வேண்டாம். ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் சுழற்சிக்கு மேலே இரட்டைக் கோண அடைப்புக்குள் ஒரு பெயர் வைத்துவிட்டு, எக்ஸிட் என்று எழுதி அந்தப் பெயரைச் சொன்னால் அந்தச் சுழற்சியை விட்டே வெளியே வந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லில் லீவ், அடுத்த சுற்றுக்கு இடரேட். மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்ஸின் பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லிலும் கோடூ கிடையாது, லேபிள் உண்டு. மைஎஸ்க்யூஎல் புரொசீஜரில் ரிட்டர்ன் இல்லாததால், வெளிப் பிளாக்குக்கு லேபிள் வைத்து அதையே லீவ் செய்து வெளியேறும் வழக்கமும் இருக்கிறது.

இதே சமயத்தில் ஒரு ஆரக்கிள் பேக்கேஜையும் எட்டிப் பார்த்தேன். அதில் 4 கோடூ, எல்லாம் சுழற்சியின் கடைசியில் உள்ள ஒரு லேபிளுக்கு, லேபிளுக்குக் கீழே எதுவும் செய்யாத நல் என்ற ஒற்றை வாக்கியம். லேபிளுக்குப் பின்னால் ஓடக்கூடிய ஒரு வாக்கியம் வேண்டும் என்பதற்காக வைத்தது. அங்கே கண்டின்யூ 11ஜி பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் எழுதியவருக்கு வேறு நேரான வழியே இல்லை. அந்த நான்கையும் 20 நிமிடத்தில் கண்டின்யூ ஆக்கினேன். அங்கே ஃபார் சுழற்சி தானே அடுத்த வரிசையை எடுத்துக்கொள்வதால் முடிவில்லாச் சுழற்சி பயம் இல்லை. ஆனால் சுழற்சிகளின் பெயர்களை நீக்கவில்லை. உள்ளும் வெளியும் ஒரே பெயரில் சுழற்சி மாறி இருந்ததால், வெளி மாறியைச் சொல்ல லேபிள் பெயர், புள்ளி, மாறி என்று எழுதியிருந்தார்கள். தாவலே இல்லாமல் லேபிள் செய்யும் நல்ல வேலை இது.

ஓடத் தொடங்கிய பின் வந்த அடி

புதியதை ஏற்றி நான்காவது நாள் பகலில் எல்லாத் திரைகளும் உறைந்தன. அதே புரொசீஜரை யாரோ பயன்பாட்டின் பொத்தான் வழியாகக் கையால் ஓட்டியிருந்தார்கள். பயன்பாட்டின் கட்டளைக் காலவரம்பு 30 நொடி. 30 நொடி கடந்ததும் அது சர்வரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்படி நிறுத்தினால் கேட்ச் ஓடாது. லேபிளாக இருந்தாலும் ஓடியிருக்காது. டிரான்ஸாக்‌ஷன் திறந்தபடியே, பூட்டுகளைப் பிடித்தபடியே நின்றது. இணைப்பும் பூலுக்கு, அதாவது மறுபடி பயன்படுத்த வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்புக்குத் திரும்பிவிட்டதால், அடுத்து யாராவது அதே இணைப்பை எடுக்கும்வரை அது விடுவிக்கப்படாது. டிபிசிசி ஓபன்டிரான் கட்டளை அந்த அமர்வின் எண்ணைக் காட்டியது. அதை முறித்ததும் எல்லாம் நகர்ந்தது.

தீர்வு ஒரே வரி: இரண்டு புரொசீஜர்களின் தலையிலும் எக்ஸ்ஆக்ட்_அபார்ட் என்ற அமைப்பை ஆன் செய்வது. அப்போது காலவரம்பில் நின்றாலும் டிரான்ஸாக்‌ஷன் திரும்பிவிடும். இதற்கு ஒரு பின்விளைவு உண்டு. இது ஆனில் இருக்கும்போது, டிரைக்குள் வரும் 547 போன்ற பிழையும் டிரான்ஸாக்‌ஷனைக் கமிட் செய்ய முடியாத நிலைக்குத் தள்ளும். அந்த நிலையைச் சொல்லும் எக்ஸ்ஆக்ட்_ஸ்டேட் -1 காட்டும். உள் கேட்ச்சில் ரோல்பேக்குக்கு முன்னால் பிழையைப் பட்டியலில் எழுத ஒரு வரி வைத்திருந்தேன். அது 3930-இல் தோற்றது. முதலில் ரோல்பேக், பிறகு எழுதுவது என்று வரிசையை மாற்றினேன். எதுவரை போனது என்ற விவரத்தை ஒரு டேபிள் மாறியில் சேர்த்து வைத்தேன். ரோல்பேக் தற்காலிக அட்டவணையில் அந்த டிரான்ஸாக்‌ஷனில் எழுதியதை அழித்துவிடும், டேபிள் மாறியைத் தொடாது.

செலவு

ஒரு நாள் வேலை என்று ஆரம்பித்தேன். மூன்று வாரங்களில் பிரிந்து 38 மணி நேரம் ஆனது. அதில் தூக்கி எறிந்த முதல் சனிக்கிழமை 9 மணி நேரம், காகிதம் 4, டெட்லாக்கை வரவழைத்துப் பார்க்க 5, காலவரம்புச் சிக்கலைக் கண்டுபிடிக்க 3. 1,140 வரி இப்போது மூன்று புரொசீஜர்களில் 690. கோடூ 3, அது போகும் லேபிள் 1. தலைப்பு லேபிள்கள் இரண்டும் சாதாரணக் குறிப்புரையாகிவிட்டன. லேபிள் என்று பார்த்ததும் அங்கே யாரோ தாவி வருகிறார்கள் என்று தேடத் தோன்றும், அந்தத் தேடலை அடுத்தவருக்கு வைக்க வேண்டாம் என்று.

மறுபடி இப்படி ஒன்று கைக்கு வந்தால், காலவரம்பு, டெட்லாக், ஃபாரின் கீ மூன்றையும் பழைய பிரதியிலேயே முதல் நாள் வரவழைத்துப் பார்ப்பேன். எந்த லேபிளுக்கு உண்மையில் ஓட்டம் வருகிறது என்று தெரிந்த பிறகே ஒரு வரியைத் தொடுவேன். @@எரர் திருத்தத்தைத் தனியாக ஏற்றியிருக்க வேண்டும்; ஒன்றே கால் மணி நேரத்தில் தீர்ந்த புகாருக்கு, மற்ற வேலையும் முடியட்டும் என்று மூன்று வாரம் எல்லோரையும் காக்க வைத்துவிட்டேன். அதற்கு அவர்களிடம் மன்னிப்பும் கேட்டேன்.